அடிக்கப்படாத மூன்று வரிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் ஒரு வரி படித்தேன்: 'அண்டை நாடுகளின் பாதுகாப்புக் கூட்டணிக்கு எந்த அளவு துணை நிற்பது என்று அரசு ஆலோசிக்கிறது.' அந்த 'எந்த அளவு' என்பதை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்? அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

2

தலைநகரின் மேல் போர்மேகங்கள் சூழ்ந்த அந்தக் காலை—

வேண்டாம். மேகத்தில் தொடங்கிய என் கதை எதுவும் உருப்பட்டதில்லை.

அமைச்சகத்தில் அறிக்கை எழுதுபவள் அவள். எதற்கும் முற்றுப்புள்ளி வைக்கமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் 'காற்புள்ளி அக்கா' என்றால்தான் தெரியும். முடிவாகாத இடத்தில் மூன்று வரிகளை அடைப்புக்குறிக்குள் எழுதி அனுப்புவாள். மதில்மேல் பூனையான அமைச்சர் இரண்டைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். பதினோரு வருடமாக வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

இன்றைய மூன்று: (படை அனுப்புவோம்.) (மருந்தும் எரிபொருளும் அனுப்புவோம்.) (வாழ்த்து அனுப்புவோம்.)

[அவளுக்கு ராணுவத்தில் ஒரு தம்பி. முதல் பிரதியில் அவன் இல்லை. அவள் கவலையே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள், எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால் சேர்த்தேன்.]

3

கோப்பு திரும்பி வந்தது. கீழே கையெழுத்து இருக்கிறது. மூன்று வரியில் ஒன்றுகூட அடிபடவில்லை. அமைச்சர் விமானத்தில். நாலு மணிக்கு நிருபர்கள்.

"ரெண்ட நீயே அடிச்சிடும்மா. கையெழுத்துதான் இருக்கே," என்றார் செயலாளர்.

"நான் அடிச்சா அது என் முடிவாயிடும் சார்."

"யாருக்குத் தெரியப்போவுது?"

அவளுக்குத் தெரியுமே. தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், படை அனுப்பினா நீ போவியா?"

"கூப்பிட்டா போவேன்க்கா. சாப்பாடு சரியில்லன்னா திரும்பி வந்துடுவேன்."

சிரித்தாள். போனை வைத்ததும் பயமாக இருந்தது. பென்சிலைச் சீவினாள்.

4

(படை வரியையும் வாழ்த்து வரியையும் அடித்தாள். தம்பி வீட்டில் இருக்கிறான். கூட்டணி நாட்டு எல்லையில் இன்னோர் அக்காவின் தம்பி தனியாக—)

(படை வரியை விட்டு மற்ற இரண்டையும் அடித்தாள். தம்பிக்குக் கம்பளிச் சாக்ஸ் வாங்கக் கடைக்குப் போனாள்.)

(மூன்றையும் அப்படியே அனுப்பினாள். இவ்வளவு தெளிவான அரசு அறிக்கையை இதுவரை கண்டதில்லை என்று நிருபர்கள் பாராட்டினார்கள்.)

மூன்றாவது எனக்குச் செல்லம். ஆனால் அது நழுவல், தெரிந்தேதான் எழுதினேன்.

5

மணி மூன்று ஐம்பது. அமைச்சரைக் கிண்டல் செய்த நானும் இந்த மூன்று முடிவுகளில் ஒன்றையும் அடிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன், பாருங்கள். பென்சில் இனி உங்களிடம். இரண்டை அடியுங்கள். அடிக்கும்முன் அவள் தம்பிக்கு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.