மூன்றாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே

ஸ்பேனரின் கைப்பையில் நான்கு மாத்திரைகள்தான் மிச்சம் இருந்தன. நான்கு மாத்திரை என்றால் நான்கு நாள். ஐந்தாம் நாளுக்கு ஒன்றும் இல்லை.

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் அவளை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று கணவர் சொன்ன ஒரே ஒரு வாரத்தின் பலனாக, வீட்டில் நான்கு வயது இரட்டையர் இருவர் சுவரெல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவள் கணவரை நம்புவதை விட்டுவிட்டு மாத்திரையை நம்பினாள். போன மாதம்தான் லிஃப்ட் குழிக்குள் தனியாக இறங்கி வேலை பார்க்கும் லைசென்ஸ் கைக்கு வந்திருந்தது. ஏழு வருஷம் அடுத்தவனுக்கு டார்ச் பிடித்துச் சம்பாதித்த லைசென்ஸ். கர்ப்பம் என்று தெரிந்தால் கம்பெனி அவளை ஆபீசில் உட்காரவைத்துப் போன் எடுக்கச் சொல்லும். அவளுக்கு இன்னொரு பிள்ளையும் வேண்டாம், அந்தப் போனும் வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டைக் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேதி முடிஞ்சு ரெண்டு நாளாச்சும்மா. புதுச் சீட்டு வேணும். கருத்தடை மாத்திரைதானே?" கடைசிக் கேள்வியை மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கேட்டார். இருமல் மருந்துக்கு வந்தவர் இருமலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா சார். எனக்குத்தான். நீங்க பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கிளினிக்குக்குப் பதினோரு தடவை போன் போட்டும் யாரும் எடுக்காததால் நேரிலேயே போய் நின்றாள். கவுண்டரில் இருந்தவளை அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கவுண்டர் அக்கா என்பார்கள். சிரிப்பைக் கூட டோக்கன் பார்த்துத்தான் கொடுப்பாள்.

"சீட்டு வேணும்னா டாக்டரை நேர்ல பாக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூணு வாரம் கழிச்சுத்தான் இருக்கு."

"எங்கிட்ட நாலு மாத்திரைதான்க்கா இருக்கு. மூணு வாரம் கழிச்சு நான் வாந்தியோடதான் வருவேன்."

"ரூல்னா ரூல்தான்மா." அக்கா தலைக்குப் பின்னால் கையைக் காட்டினாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் டாக்டரின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு தொங்கியது: 'மாத்திரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வர வேண்டும்.'

மறுநாள் காலை பத்தரைக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கிளினிக் இருக்கும் அதே கட்டடம். லிஃப்ட் மூன்றாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டதாம். உள்ளே ஒரே ஆள், கிளினிக் டாக்டரம்மா. ஸ்பேனருக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. அன்றைக்குக் கொஞ்சம் யோசித்தாள்.

மொட்டை மாடியில் இருந்த மெஷின் அறைச் சாவி கவுண்டர் அக்காவிடம் இருந்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அதைக் கொண்டுவந்தவள், "நீயா?" என்றாள். "நானேதான்" என்று ஸ்பேனர் கதவைத் திறந்தாள்.

லிஃப்டில் ஆள் மாட்டினால் முதல் வேலை இன்டர்காமில் பேசுவது. கதவு திறக்கும்வரை விடாமல் பேச வேண்டும். பேச்சு நின்றால் உள்ளே இருப்பவர் பயந்துபோவார். ஸ்பேனர் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வணக்கம், லிஃப்ட் கம்பெனி. மூச்சு முட்டுதா? இதய நோய், ரத்தக் கொதிப்பு ஏதாவது உண்டா?"

"நான் டாக்டர்மா!"

"டாக்டரா இருந்தாலும் கேக்கணும். ரூல்னா ரூல்தான்."

பக்கத்தில் கவுண்டர் அக்கா தொண்டையைச் செருமினாள்.

"ஒண்ணும் இல்ல. என்னை எப்ப வெளிய எடுப்பீங்க?"

"மூணு வாரம் கழிச்சு ஒரு அப்பாயின்ட்மென்ட் இருக்கு."

இன்டர்காமில் லிஃப்ட் கதவைப் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது.

"சும்மா சொன்னேன் டாக்டர். பத்து நிமிஷம்."

அவள் வாய்தான் விளையாடியது. கை அதற்குள் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டியிருந்தது. பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். அந்த வேலையில் அவள் யாருக்காகவும் குறுக்கு வழியில் போனதில்லை. சுற்றிக்கொண்டே தன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பிரஷர் எப்ப பாத்தீங்க?" என்றது இன்டர்காம்.

"போன மாசம், கம்பெனி மெடிக்கல்ல. நூத்திப் பத்துக்கு எழுபது."

"சிகரெட்? ஒத்தைத் தலைவலி?"

"ரெண்டும் இல்ல டாக்டர். ரெட்டைத் தலைவலி இருக்கு, வீட்டுல ஓடிட்டிருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒரு வருஷத்துக்கே எழுதித் தரலாமே. இதுக்கு எதுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரணும்? யார் போட்ட ரூல் இது?"

கவுண்டர் அக்கா மைக்குக்குக் குனிந்தாள். "நீங்கதான் டாக்டர். ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்க கையால எழுதிக் கொடுத்தீங்க. சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கேன்."

டாக்டருக்கு அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. "அது ஒரே ஒரு பேஷன்ட்டுக்கு எழுதினது. மத்தவங்க தாங்களாவே வர்றாங்கன்னுல்ல நெனைச்சேன்! அந்தப் பேஷன்ட்டுக்குப் பிரஷர் ஏறிட்டே இருந்துச்சு. அவங்க ஃபைல்ல வைக்கத்தானே கொடுத்தேன்?"

"கவுண்டர்ல வைங்கன்னுதான் சொன்னீங்க."

ஸ்பேனர் விழுந்து விழுந்து சிரித்தாள். யாரோ ஒருத்திக்குப் பிரஷர் ஏறியதற்கு ஆறு வருஷமாக ஊர்ப் பெண்கள் எல்லோரும் மூன்று மாடி ஏறியிருக்கிறார்கள்! கூடச் சேர்ந்து சிரிப்பாள் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"நானும் அதைத்தான் கடைப்பிடிச்சேன் டாக்டர்" என்றாள் அக்கா. "நீங்க பேஷன்ட் பாக்குற நேரமெல்லாம் நான் கவுண்டர்ல இருக்கணும். எனக்கு எப்ப நேரம் போட்டுக்கிறது? மாத்திரை தீந்துபோச்சு. ஒரு மாசம் விட்டுப்போச்சு."

"தினம் என்னைப் பாக்குறீங்களே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"வரிசையில நிக்கிறவங்களைத் தாண்டி நான் மட்டும் எப்படிக் கேக்குறது?" அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சின்னவளுக்கு இப்ப அஞ்சு வயசு. அவ இல்லாம என்னால ஒரு நாள் இருக்க முடியாது. ஆனா அந்த வருஷம் எனக்கு நர்ஸ் படிப்புல இடம் கெடைச்சிருந்துச்சு."

அக்காவைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் ஏழெட்டு வாக்கியம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள் ஸ்பேனர். ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஆனால் பேச்சு நிற்கக்கூடாதே.

"டாக்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. சீக்கிரம் இறக்குங்க."

இரண்டாம் மாடியில் கதவைத் திறந்துவிட்டதும் டாக்டர் படியேறி நேராகக் கவுண்டருக்குப் போனார். சட்டத்தைக் கழற்றி, உள்ளே இருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார். ஸ்பேனருக்குப் பிரஷர் பார்த்து, ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு, பேனாவை மூடாமல், "உங்களுக்கும் எழுதட்டுமா?" என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"வேணாம் டாக்டர். சின்னவ பொறந்த கையோட ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்."

டாக்டர் பேனாவை மூடினார். கவுண்டரில் போன் அடித்தது. அக்கா போய் எடுத்தாள்.

"மாத்திரைச் சீட்டா? நீங்க அலைய வேணாம்மா. கேக்க வேண்டியதை நானே கேட்டு, டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வைக்கிறேன். எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு, அதை மொதல்ல சொல்லுங்க."