அண்ணன் பெயரில் ஆறு காகிதங்கள்

கல் அரைக்கும் ஆலையின் மருத்துவ அறையில் எனக்கு வேலை, நுரையீரல் சோதனைக்கு வரும் ஆட்களைத் திட்டி ஊத வைப்பது. குழாயைக் கவ்விக்கொண்டு ஒரே மூச்சில் கடைசிவரை ஊத வேண்டும். பாதியில் விட்டால் மெஷின் கணக்கில் எடுக்காது. "விடாதீங்க, ஊதுங்க, ஊதுங்க" என்று நான் போடும் கூச்சலில் எனக்கு 'ஊதக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை ஆரம்பித்து வைத்ததே என் அண்ணன்தான்.

அண்ணனுக்கு ஆலைக்குள்ளே, அரைவைப் பிரிவில் வேலை. ஆறு வருடத்துக்கு முன், முதன்முதலாக வந்த வருடாந்திரச் சோதனையில் அவன் ஊதியபோது காகிதத்தில் கோடு எழும்பவே இல்லை. மூன்று தடவை ஊதினான். மூன்றாவதில் இருமல் வந்து என் மேஜையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் காகிதம் மேலே போனால் மறுநாளே வேலைச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஒரு தடவை ஊதிடும்மா. உன் வாய்க்குத்தான் மூச்சுப் பஞ்சமே இல்லையே."

அவன் காகிதத்தை மடித்துக் கிழித்துக் கூடையில் போட்டேன். கதவைச் சாத்திவிட்டு அவன் பெயரில் நான் ஊதினேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் என்னை முந்த ஆள் கிடையாது. மெஷின் உயரத்தை வைத்துத்தான் மூச்சைக் கணக்குப் போடும்; உயரத்திலும் நான் அவனளவு இருப்பேன். கோடு ஜம்மென்று ஏறியது. அண்ணன் அதை வாங்கிப் பார்த்து, "நான் நல்லாத்தான் இருக்கேன் போல" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு தடவை என்றது ஆறு வருடமாயிற்று. நான்காவது வருடம் கோடு தாழ்ந்தது. மெஷின் மேல் பழியைப் போட்டு ஆள் வரவழைத்தேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அவருக்கு வேலை தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியதற்கு வயசைக் காரணம் சொன்னேன். ஊரில் யாருக்குத்தான் வாங்கவில்லை? எங்கள் தெருவில் வெள்ளைத் துணி காயப்போட்டால் ஆலைத் தூசியை உதறாமல் எடுக்க முடியாது. என் மகள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் புத்தகப் பையில் இன்ஹேலர் இருக்கிறது.

போன மாதம் அண்ணன் போய்விட்டான். படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடியே போனான்.

அவர் எதனால் போனார் என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க வேண்டும் என்றாள் அண்ணி. அவருடைய சோதனைக் காகிதங்களை எடுத்துத் தரச் சொன்னாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடவே போனேன்.

டாக்டர் ஆறு காகிதங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். கோடுகளின் உச்சிகளைப் பென்சிலால் இணைத்துக்கொண்டே வந்தார். படிக்கட்டு மாதிரி இறங்கியது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பாஸ், சேர்த்து வைத்தால்தான் விஷயம் தெரிகிறது என்றார். ஆலைத் தூசியிலேயே நிற்கிற நுரையீரல் இப்படித்தான் தேயும் என்றார்.

அரைவைப் பிரிவுக்குள் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. என் அறை வாசல் கேட்டை ஒட்டி இருக்கிறது. வீடு இரண்டு மைல் தள்ளி. ஊரில் எல்லோரும் இழுக்கிற காற்றைத்தான் நானும் இழுத்தேன். 

அண்ணி கடைசிக் காகிதத்தின் மேல் விரலை வைத்தாள். இவ்வளவு மூச்சு இருந்த மனுஷன் இன்னும் எத்தனை வருஷம் இருந்திருக்கணும் என்று கேட்டாள். அவன் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனான் என்று டாக்டருக்கும் பிடிபடவில்லையாம். இந்தக் கடைசிக் காகிதம் எடுத்தபோதே இந்தக் காற்றை விட்டு வெளியேறியிருந்தால் பத்து வருடம்கூட இருந்திருக்கலாம், இங்கேயே கிடந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

"கேட்டியா, பத்து வருஷமாம்," என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, அது அண்ணன் மூச்சு இல்ல. ஆறுமே நான் ஊதினது."

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அண்ணி என் கையை விட்டாள். காகிதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் தேடினாள்.

"அப்போ அவரோடது எங்க?"

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு அண்ணி. நான்தான் கிழிச்சுப் போட்டேன்."