நம்பர் சொல்லாதவர்கள்

என் மனைவி தமிழ்ச்செல்விக்கு வேலை கிடைத்த கதையை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். நான் அருள்பாண்டி, சிம்மக்கல்லில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். கதையில் நடுநடுவே நான் குதிப்பேன், கண்டுகொள்ள வேண்டாம்.

செல்வி கல்யாணத்துக்கு முன்பே கணக்கில் பட்டம் வாங்கியவள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் வீடு, பிள்ளைகள், என் கோபம் என்று போய்விட்டது. சின்னவனும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பழைய லேப்டாப் ஒன்று வேண்டும் என்றாள். டேட்டா அனலிஸ்ட் ஆகப் போகிறாளாம். டைப் அடிக்கிற வேலை என்று நான் நினைத்தேன். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். ஆயிரம் பேர் என்ன வாங்கினார்கள், எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்கும். அதைக் கிளறிப் பார்த்து, அடுத்து என்ன செய்யலாம் என்று முதலாளிக்குச் சொல்கிற வேலை.

உலை வைத்துவிட்டு வீடியோ பார்த்துப் படித்தாள். புரியாத இடத்தை நிறுத்தி நிறுத்தி மறுபடி போட்டதில், அதில் பேசுகிறவனின் குரல் எனக்கே பழகிவிட்டது, பாடம்தான் ஏறவில்லை. பழகிப் பார்ப்பதற்கு என் லோடு விவரத்தை எடுத்துக்கொண்டாள். மேலூர்ப் பக்கம் போகிற நாளெல்லாம் காலி வண்டியோடுதான் திரும்புகிறேன் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். எனக்குத் தெரியாதா என்று கத்தினேன். தெரிந்துமா போனீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனசு.

நேர்காணலுக்குப் போன இடத்திலெல்லாம் எட்டு வருஷமாக என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். கடைசியில் அசோக்குமார் என்பவர் மூன்று மாதம் சோதனையாக வைத்துக்கொண்டார். ஊருக்குள் ஆறு சூப்பர் மார்க்கெட் நடத்துகிறவர், தல்லாகுளத்தில் அலுவலகம். வேலை பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் வீடு இருக்கிற செக்கானூரணியிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தாள்.

அவர் கொடுத்த கேள்வி ஒன்றே ஒன்று. வாடகை ஏறிக்கொண்டே போகிறது, ஒரு கடையை மூட வேண்டும், எதை மூடலாம்? இவள் உட்கார்ந்து பார்த்தாள். அவர்கள் கடையில் போன் நம்பர் போட்டால்தான் பில் வரும். மற்றக் கடைகளில் ஆயிரக்கணக்கில் நம்பர்கள் இருந்தன. விளாங்குடிக் கடையில் கொஞ்ச நம்பர்கள்தான், எல்லா பில்லும் அவற்றின் பேரிலேயே இருந்தன. ஒரு சில பெரிய வாடிக்கையாளர்களை நம்பி நிற்கிற கடை, அவர்கள் நகர்ந்தால் கடை படுத்துவிடும் என்று எழுதிக் கொடுத்தாள். அசோக்குமாருக்கு ரொம்பத் திருப்தி. விளாங்குடியை மூடிவிடுவோம், திங்கட்கிழமை வந்து நிரந்தர வேலைக்கான ஆர்டரை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளை மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போனேன். வேலைக்குப் போகிறவளுக்கு நல்லதாக ஒரு சேலை வேண்டாமா? பில் போடுகிற பெண் நம்பர் கேட்டது. தன் போன் கையிலேயே இருந்தும் செல்வி யோசிக்காமல் என் நம்பரைச் சொன்னாள். பின்னால் நின்ற அம்மா, நம்பரெல்லாம் தர முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பில் போடுகிற பெண் சளைக்காமல் ஏதோ ஒரு நம்பரைத் தட்டிவிட்டது. செல்வி சேலைப் பையோடு நகராமல் நின்றாள். அது யாருடைய நம்பர் என்று கேட்டாள்.

"எங்க நம்பர்தாங்க்கா. தரமாட்டேங்குறவங்ககிட்ட எம்புட்டு நேரம் மல்லுக்கட்டுறது?"

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, இந்த ஊர்ல எந்தக் கடைக் கணக்குலயும் நான் இல்ல. எல்லாத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. நானே என் நம்பரத் தர்றதில்ல, விளாங்குடிப் பொம்பளைங்க மட்டும் தருவாங்களா?"

மறுநாள் விளாங்குடிக்கு வண்டியை விடச் சொன்னாள். கடைக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தோம். பில் போடுகிற இடத்தில் இருந்தவர் கனகலட்சுமி. வருகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள், முக்கால்வாசிப் பேர் நம்பர் சொல்லவில்லை. கனகலட்சுமி தன்னுடையதையும் பக்கத்தில் பை கட்டுகிறவருடையதையும் மாற்றி மாற்றிப் போடுவதாகச் செல்வி கேட்டதும் சொன்னார். மற்றக் கடைகளில் இப்படி இல்லையா என்று கேட்டேன். அங்கெல்லாம் பில் போடுவது ஆண்கள், பிடிவாதமாகக் கேட்டு வாங்கிவிடுவார்கள் என்றாள் செல்வி. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். அவள் பெரிய வாடிக்கையாளர் என்று எழுதிய நம்பரில் ஒன்று, ஒரே நாளில் நாற்பது தடவை அரைக் கிலோ, கால் கிலோ என்று சாமான் வாங்கியிருந்தது. கடையை நம்பித் தெருத்தெருவாக ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் அவள் கண்ணில் படவில்லை.

நான் குதித்தேன். திங்கட்கிழமை ஆர்டரை வாங்கிக்கொள், செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொள்ளலாம், ஒரு நாளில் எந்தக் கடையும் ஓடிப்போகாது என்றேன். எட்டு வருஷத்துக்கும் சேர்த்துத் தொண்டை கட்டும் வரை கத்தினேன். அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போனேன். அசோக்குமாரின் அறை வெறும் பலகைத் தடுப்புதான், வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. நான் சொன்னது தப்பு சார், கடையை மூடாதீர்கள் என்று ஆரம்பித்து நடந்ததை எல்லாம் சொன்னாள். கட்டடத்தின் சொந்தக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டதே என்று அவர் எரிந்து விழுந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, ஆர்டர் இந்தா மேசை மேல இருக்கு. இத வாங்கிட்டு நாளைக்குச் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம் சார். அதுக்கப்புறம் நான் எதச் சொன்னாலும், இத இவ எதுக்காகச் சொல்றான்னு நீங்க யோசிக்கணும்."

ஆர்டரை உள்ளே போட்டு மேசை இழுப்பறையை மூடுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போங்கள், யோசித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

வெறுங்கையோடு வெளியே வந்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன், முடியவில்லை. நானாக இருந்தால் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். இப்படி ஒருத்தியோடுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியை எடுக்கிறேன் என்று திரும்பிக்கொண்டேன்.

இரண்டு நாள் எந்தச் செய்தியும் வரவில்லை. மூன்றாம் நாள் சிம்மக்கல்லில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அசோக்குமார். நேற்றுச் சாயங்காலம் முழுக்க விளாங்குடிக் கடையில் அவரே போய் நின்றாராம்.

"ஒரு பொம்பளையும் நம்பர் தரல தம்பி. கடைய மூடல. உங்க வீட்டம்மாவ நாளைக்கு வந்து ஆர்டர வாங்கிக்கச் சொல்லுங்க. புதுசா ஒரு இடம் பாத்திருக்கேன், அவங்க பாத்துச் சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. இவர் ஏன் எனக்கு அடிக்கிறார்? வேலைக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்திலும் செல்வி என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள்.

"சார், இத எங்கிட்டச் சொல்லாதீங்க. நேரா அவகிட்டயே சொல்லுங்க. அவளுக்குன்னு தனி நம்பர் இருக்கு, குறிச்சுக்கிருங்க" என்றேன்.

லோடு ஏற்றுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.