அளக்காமல் நட்ட கம்பு

காலை ஆறு மணிச் சங்கு ஊதியபோது ஆஞ்சப்பன் படித்துறையின் மூன்றாம் படியில் நின்று பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். சங்கு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் கம்பெனியுடையது. அது ஊதினால் இக்கரையில் பரிசலுக்குக் கூட்டம் சேரும். டிபன் கேரியரும் நீலச் சட்டையுமாகப் பதினைந்து பேர் ஏறப் பார்ப்பார்கள்.

"எட்டுப் பேருக்கு மேல ஏத்தாத சென்றாயா" என்று ஆஞ்சப்பன் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுப்பார்.

"சரிண்ணா" என்று பரிசல்காரன் சென்றாயனும் திரும்பிப் பார்க்காமலே சொல்வான்.

உத்தனப்பள்ளி ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கெம்பனப்பள்ளிக்காரர்களில் கடலைப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் ஊருக்கு ஒரு துறை உண்டு, நீளமான கரை உண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் ஓசூரிலிருந்து கம்பெனி ஆட்கள் வந்து குளித்துக் கும்மாளம் போடுவதும் உண்டு. இத்தனைக்கும் சேர்த்துப் பஞ்சாயத்து வைத்திருந்த ஒரே ஆள் ஆஞ்சப்பன். கரைக்காவல் என்று பேர். இருபத்திரண்டு வருஷ வேலை. பரிசலுக்குக் கயிறு வேண்டும், படியில் சங்கிலி வேண்டும் என்று எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து அவருக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். கயிறும் வரவில்லை, சங்கிலியும் வரவில்லை.

ஒரு வேலையை மட்டும் அவர் யாரும் கேட்காமலே ஒழுங்காகச் செய்துவந்தார். ஆவணி மழையில் ஏரி நிரம்பியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார். அடிமேல் அடி வைத்து நடந்து, இடுப்பு நனையும் இடத்தில் நிற்பார். அங்கே சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்பு ஒன்றை ஊன்றுவார். இப்படியே கரையோரமாகப் பதினெட்டுக் கம்பு. கம்புக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு, அந்தப் பக்கம் எமன். நீச்சல் தெரியாத பெண்கள்கூட அந்தக் கம்புகளைப் பார்த்துத்தான் பயமில்லாமல் இறங்கிக் குளித்தார்கள், துணி துவைத்தார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் வைகாசியில் ஏரி வற்றிக் கிடந்தபோது நாராயணப்பன் வந்தார். அக்கரையில் புதிதாக எழும்பும் இன்னொரு கம்பெனிக்குத் தரை மேடாக்க மண் அடிக்கும் காண்டிராக்ட் அவருடையது. ஏரியின் நடுவில் எடுக்கத்தான் அவருக்கு அனுமதி. நாராயணப்பன் தெலுங்கில் குசலம் விசாரிக்க ஆரம்பித்தாலே ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டிலுள்ள எல்லாரையும் தெலுங்கில் விசாரித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"படித்துறை ஓரத்துல மொரம்பு மண்ணு நல்லா கெட்டியா இருக்குது ஆஞ்சப்பா. மூணே நாளு. தண்ணி இல்லாத காலத்துல அங்க யாரு வரப்போறாங்க? உம்பையன் முனிராஜு ஐடிஐ முடிச்சிட்டுச் சும்மாதான குந்தினு இருக்கான்? தீபாவளிக்குள்ள அப்ரண்டிஸ் ஆர்டர் வாங்கித் தரேன். பர்மனென்ட் ஆவுற எடம்."

அந்தக் காலத்து ஓசூர்ப் பக்கம் பர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெண் கொடுப்பவர்கள் பையனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள். ஆஞ்சப்பன் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கரைப்பக்கம் போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டார். அதுதான் பதில்.

மண் போனது. படித்துறைக்கு இடது பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் குழி. நாலாம் நாளே கோடை மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் நின்றது, அப்புறம் ஆவணியில் ஏரியே நிரம்பி எல்லாம் ஒரே மட்டமானது. வெயில்காலத்தில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்த சென்றாயனுக்கு இது எதுவும் தெரியாது.

கம்பு நடும் நாள் வந்தது. உள்ளபடி அளந்து நட்டால் இடது பக்கத்தில் படியிலிருந்து நாலு எட்டிலேயே கம்பு நிற்கும். "ஏன் இங்க?" என்று ஊர் கேட்கும். நடாமலே விட்டாலும் கேட்கும். அன்று ஆஞ்சப்பன் முதல்முறையாகப் பரிசலில் உட்கார்ந்தபடியே கம்பு ஊன்றினார்.

"ஏண்ணா, எறங்கி அளக்கலியா?" என்றான் சென்றாயன்.

"முட்டி வலிக்குதுடா."

"நான் வேணா எறங்கிப் பாக்கட்டா?"

"வேணாம், வேணாம். போன வருஷம் நட்ட அதே எடந்தான். நீ தள்ளு."

அன்று இரவு மனைவி ஜோதியம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். "தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசந்தான? அதுவரிக்கும் யாரும் அந்தப் பக்கம் போவாம பாத்துக்கோ" என்றாள்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். "இடது பக்கம் வழுக்குது, வலது பக்கமா எறங்குங்க" என்று பத்து நாள் தொண்டை கிழியக் கத்தினார். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாட்கள்தான் மனிதனை ஏமாற்றும். அவருக்கும் அலுத்துப்போனது, விட்டுவிட்டார்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. கூலிக்காரத் தெருச் செல்லி வழக்கம்போலத் துணி மூட்டையோடு வந்தாள். கம்பெனியில் வேலை செய்யும் வெளியூர்ப் பையன்கள் லாட்ஜில் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய கிரீஸ் படிந்த உடுப்பைத் துவைத்துக் கொடுத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை அவள் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் கூட்டமாக இருந்ததால் இடது பக்கம் உட்கார்ந்தாள். அலசும்போது ஒரு நீலப் பேன்ட் கைநழுவி மிதந்து போனது. கம்பு தூரத்தில் இருந்தது. பேன்ட் பக்கத்தில்தான் இருந்தது. எழுந்து நடந்தாள். ஐந்தாவது எட்டில் காலுக்கடியில் தரையே இல்லை.

கத்தக்கூட நேரமில்லை. கை மட்டும் ஒரு தரம் தெரிந்தது. நல்லவேளை, சென்றாயன் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் பரிசலோடு திரும்பிக்கொண்டிருந்தான். துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து படியில் கவிழ்த்துப் போட்டான். குடித்த தண்ணீரை எல்லாம் கக்கிய பிறகுதான் செல்லிக்கு மூச்சு வந்தது.

ஆஞ்சப்பன் ஓடிவந்து நின்றார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நாராயணப்பனும் இறங்கி வந்தார்.

"கம்பத் தாண்டிப் போயிருப்பா. இல்லாட்டி எப்பிடி முழுவுவா?" என்றாள் தோட்டக்கார வீட்டுச் சரோஜம்மாள்.

"அதான பாத்தேன்" என்று நாராயணப்பன் பிடித்துக்கொண்டார். "ஒரு பேன்ட்டுக்கு ஆசப்பட்டு உசிர விடப் பாத்திருக்கா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா ஊருக்குத்தான கெட்ட பேரு? இனிமே அந்தத் தெருக்காரங்கள இந்தத் துறையில விடக் கூடாதுங்க. பஞ்சாயத்துல பேசிடலாம்."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அந்தத் தெருக்காரர்கள் இந்தப் படியில் கால்வைக்க முடிந்ததே பத்துப் பன்னிரண்டு வருஷமாகத்தான். அதையும் பிடுங்கிக்கொள்ள ஒரு சாக்குக் கிடைத்தால் சிலருக்குக் கசக்குமா?

செல்லி ஈரப் புடவையோடு எழுந்து உட்கார்ந்தாள். அவள் நாராயணப்பனைப் பார்க்கவில்லை. ஆஞ்சப்பனைப் பார்த்தாள்.

"நான் கம்பத் தாண்டலண்ணா. நீயே சொல்லு. எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். நான் ஏரிய நம்பியா எறங்கினேன்? நீ நட்ட கம்ப நம்பித்தான எறங்கினேன்?"

ஆஞ்சப்பனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பேசாமல் நின்றால் போதும். பழி அவள்மேல் போய்விடும், தீபாவளிக்கு ஆர்டர் வந்துவிடும். நாராயணப்பன் அவர் காதருகே வந்து, "முனிராஜு ஆர்டரு டைப் ஆயிட்டிருக்குது, நெனப்பிருக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார்.

ஆஞ்சப்பன் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. இடது பக்கப் படியில் இறங்கித் தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால் நனைந்தது. தொடை நனைந்தது. ஐந்தாவது எட்டில் ஆளைக் காணோம். பெண்கள் அலறினார்கள். சிவப்புத் துணிக் கம்பு இன்னும் இருபதடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. அவர் மேலே வந்து, நீந்திப்போய் அந்தக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து, குழி விளிம்பில் ஊன்றினார். மூச்சிரைக்கக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"செல்லி தாண்டல. நாந்தான் பொய்யா நட்டேன். வைகாசியில இங்க மண்ணு எடுத்தாங்க. எடுத்தவரு அதோ நிக்கறாரு. எம்பையன் வேலைக்கு ஆசப்பட்டுக் கண்ண மூடிக்கினவன் நானு. பஞ்சாயத்துல பேசறதுன்னா எங்க ரெண்டு பேரப் பத்திப் பேசுங்க."

தலையாட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. செல்லி அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. மிச்சமிருந்த உடுப்புகளை எடுத்துப் பிழிந்தாள்.

சேதி கேட்டு ஜோதியம்மாள் ஓடிவந்தபோது ஆஞ்சப்பன் மற்ற கம்புகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இறங்கி நின்று அளந்து, புதிதாக நட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு முட்டி உண்மையாகவே வலித்தது.

"பையனுக்கு இனிமே வேல கெடைக்குமாய்யா?" என்று கரையிலிருந்தே கேட்டாள்.

"கெடைக்கலாம், கெடைக்காமயும் போவலாம்" என்றார் ஆஞ்சப்பன். கையிலிருந்த கம்பை இரண்டு தரம் அழுத்தி ஊன்றினார். "கம்பே இல்லாத ஏரியில ஜனங்க பயந்து பாத்து எறங்குவாங்க ஜோதி. கம்பு இருந்தா நம்பி எறங்குவாங்க. நம்பி வர்றவங்கள முழுவடிக்கறதுக்கு ஊருக்கு ஒரு காவல்காரன் எதுக்கு?"