வானமாமலை திட்டினால் படம் ஓடும்

தாராவியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வானமாமலை அண்ணாச்சி திட்டிய படம் நல்ல படம், பாராட்டிய படம் தூக்க மாத்திரை. இந்தக் கணக்கை எவன் கண்டுபிடித்தானோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். ஆனால் பல வருஷம் நானும் அந்தக் கணக்கில்தான் சோறு தின்றேன், பொய் சொல்லக் கூடாது.

என் பெயர் ஜஹாங்கீர். மாட்டுங்காவில் ஒரு தியேட்டரின் ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் என் பொறுப்பு. மெட்ராஸிலிருந்து தமிழ்ப் படப்பெட்டி வரவழைத்து ஓட்டுவேன். ஆண்டாப் ஹில், செம்பூர், விக்ரோலி என்று எல்லாப் பக்கத்துச் சனமும் வரும். அண்ணாச்சி ரயில்வே ஆபீஸில் கிளார்க். இங்கே அச்சாகும் தமிழ் வாரப் பத்திரிகையில் சனிக்கிழமைதோறும் விமர்சனம் எழுதுகிறவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரீல் ஒழுங்காக இருக்கிறதா என்று நாங்கள் ஓட்டிப் பார்க்கும்போது அரை நாள் லீவு போட்டு வந்து உட்காருவார். என் கையால் ஒரு டீ வாங்கிக் குடிக்க மாட்டார். அப்படி ஒரு நேர்மை. போய் எழுதுவார் பாருங்கள், 'இந்த டைரக்டரிடம் கேமராவைக் கொடுத்த மகராசனை முதலில் பிடித்து உதைக்க வேண்டும்' என்று.

சனிக்கிழமை காலையில் கணேசபாண்டியன் தன் இட்லிக் கடையில் அதைச் சத்தமாக வாசிப்பான். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் காதால் கேட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

"குப்பைன்னு போட்டிருக்காருலே!" என்று ஒருவன் கத்துவான்.

"அப்பம் சண்டை நெறைய இருக்கும். எடுலே டிக்கெட்டை!"

ஹால் நிரம்பிவிடும். மனுஷன் சத்தியமாக எழுதியதை ஒருவனும் நம்பியதில்லை. என்னைக் கேட்டால் விமர்சனம் எழுதுகிறவனை விட்டுவிடலாம், வாசிக்கிறவனைத்தான் உதைக்க வேண்டும்.

பிறகு வீடியோ என்று ஒரு சனியன் வந்தது. சந்துக்குச் சந்து ஒரு டி.வி.யை வைத்துப் படம் காட்ட ஆரம்பித்தார்கள். நான் ஹாலில் ஈ ஓட்டினேன். மேனேஜர் கூப்பிட்டு, "ஜஹாங்கீர் பாய், அப் ஏக் பீ சண்டே ஹால் காலி கயா தோ டைம் குஜராத்தி நாடக்வாலோங்கோ தே தூங்கா" என்றார். இனி ஒரு ஞாயிறு காலியாகப் போனாலும் ஆட்டம் குஜராத்தி நாடகக்காரனுக்கு. எனக்கு வேறு தொழில் தெரியாது.

அந்த நேரம் பார்த்து, நான் கேட்ட படம் வராமல் வேறொரு பெட்டி வந்து சேர்ந்தது. பீடி சுற்றுகிற ஒரு பொம்பளையின் கதை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, ஒரு உபகாரம். இந்தப் படத்தைத் திட்டி எழுதணும்."

"என்ன வே சொல்லுதீரு? இப்படி ஒரு படத்துக்குத்தான வே நான் பத்து வருசமாக் காத்துக் கெடந்தேன்!"

"அதுக்குத்தான் சொல்லுதேன். நீங்க பாராட்டினா ஒரு ஈ காக்கா வராது. திட்டினா ஊரே வரும். இந்தப் படத்தைச் சனங்க பாக்கணுமா, வேண்டாமா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பாத்தா புரிஞ்சுக்கிடுவாங்கன்னு நெனைக்கீரா?" என்று கேட்டார்.

"பாத்தாத்தானே அண்ணாச்சி புரியும்."

எழுதினார். 'குப்பை. தலைவலி மாத்திரையோடு போகவும்' என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை. மேனேஜர் என் தோளில் தட்டினார்.

கொஞ்ச நேரம் விசில் அடித்துப் பார்த்தார்கள். பிறகு கூச்சல். "எங்க ஆத்தா தெனமும் இதைத்தாம்லே செய்யுதா, இதுக்கு டிக்கெட்டா?" என்று ஒருவன் கத்த, ஹாலே சிரித்தது. அண்ணாச்சி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். படம் முடிந்ததும் கணேசபாண்டியன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, உங்களை எம்புட்டோ கேலி பண்ணியிருக்கோம். மன்னிச்சிருங்க. நீங்க எழுதினது அம்புட்டும் சத்தியம். குப்பைன்னா குப்பையேதான்!"

அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் கை கொடுக்க நின்றார்கள். அண்ணாச்சி கையை நீட்டியபடியே இருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு என்ன வந்தது? ஹால் நிரம்பியதல்லவா, நான் பிரியாணி தின்னப் போனேன்.

அடுத்த வாரம் நான் கேட்ட பெட்டி வந்துவிட்டது. அடிதடி, டான்ஸ், எல்லாம் உண்டு. அண்ணாச்சி வழக்கம்போல் பார்த்தார், வழக்கம்போல் குப்பை என்று எழுதினார். அது நிஜமாகவே குப்பைதான். சனிக்கிழமை இட்லிக் கடையில் நின்று, எவனாவது 'எடுலே டிக்கெட்டை' என்பான் என்று காத்திருந்தேன். கணேசபாண்டியன் வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்தான்.

"அண்ணாச்சி சொன்னா சரியாத்தாம்லே இருக்கும். போன வாரம் பட்டது போதும். வீடியோவுல எதையாவது பாப்போம்."

"ஏலே, இது நல்ல படம்லே! சண்டை இருக்கு, டான்ஸ் இருக்கு!"

"நீங்க யாவாரி, பாய். அப்படித்தான் சொல்லுவீங்க."

வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதையாகிவிட்டது என் கதை. ஞாயிற்றுக்கிழமை ஹாலில் வெறும் நாற்காலிகள்தான். மேனேஜர் சொன்னபடி செய்தார்.

நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு நாளா இப்படித்தான், தொட மாட்டேங்காரு" என்றார் அவர் சம்சாரம் செண்பகவல்லி.

"சந்தோசமா அண்ணாச்சி? என் பொழப்புல மண்ணைப் போட்டாச்சு. இந்த ஒரு வாரம் நல்ல படம்னு எழுதித் தொலைச்சா என்ன?"

அவர் கோபப்படவில்லை. "ஊரே இப்பம் என்னை நம்புது வே. ரோட்டுல பாக்கவன்லாம் கும்பிடுதான். எந்தப் படத்தை வச்சு நம்புதான்னு நெனைச்சா சோறு எறங்க மாட்டேங்கு."

சோற்றுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"கடைசியில அவ பீடித்தட்டைக் கீழ வச்சிட்டு, யாருமில்லாத வாசலைப் பாத்து லேசாச் சிரிப்பா. அதை ஒருத்தராவது பாத்தாங்களா வே? நீராவது பாத்தீரா?"

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்த ஞாயிறு முழுக்க நான் கதவோரம் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தேன்.