நான்கு மூலையும் சுத்தம்

வாசலை ஒட்டிய அறை யாருக்கு என்பதை லல்லா பதூல், அதாவது பதூல் அம்மாள், அன்று சாயங்காலம் சொல்வதாக இருந்தார்.

மூத்த மகன் லதீஃப் தன் செருப்புக் கடை மூட்டைகளை அடுக்க அந்த அறையைக் கேட்டிருந்தான். இளையவன் ஜவாதின் மனைவி விதாத் அதைப் பெண்களுக்கான ஸ்டூடியோ ஆக்கித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாள். ஃபெஸ் நகரத்தின் பழைய மதிலுக்குள் ஓர் ஆண் படக்காரன் முன்னால் தலைத்துணி இல்லாமல் உட்காரப் பிரியப்படாத பெண்கள் தெருவுக்குப் பத்துப் பேராவது இருந்தார்கள். தலைமுடியையும் கஃப்தான் அங்கியையும் பார்த்துப் பார்த்து அலங்கரித்துக்கொண்டு, கடைசியில் கைபேசியில் ஒரு மங்கல் படத்தோடு திருப்தியடைவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் விதாதுக்குக் கை துறுதுறுக்கும்.

"இன்னிக்கு என் பொண்ணு ஷாமாவுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீர் வருது," என்று லல்லா பதூல் காலையிலேயே மருமகளிடம் சொல்லிவிட்டார். "முற்றத்துல பொம்பளைங்க மட்டும்தான். படம் நீதான் எடுக்கணும். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, சீர்த்தட்டு எல்லாம் ஒரே படத்துல வரணும். சம்பந்தியம்மா வாயைப் பிளக்கணும். பிளந்தா அறை உனக்கு. இல்லன்னா செருப்புக்கு."

பக்கத்தில் பாதாம் உரித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை நஃபீஸா சும்மா இருப்பாரா?

"அடியே விதாது, என்னை ஓரத்துல மட்டும் நிறுத்திடாத. நிச்சயதார்த்தப் படத்துல என் கையைப் பார்த்துட்டு என் புருஷன் ஒரு வாரம் என்கிட்ட மரியாதையா பேசினாரு."

எல்லோரும் சிரித்தார்கள். விதாதும் சிரித்துவைத்தாள். அந்தப் படம் அவளுக்கு மறக்கவில்லை. கூடத்தில் இருபது பேரை அடக்க வேறு வழியின்றி வைட் ஆங்கிள் லென்ஸைப் போட்டிருந்தாள். அந்த லென்ஸ் யாரையும் வெளியே நிறுத்தாது. கூப்பிடாததையும் உள்ளே கூட்டி வந்துவிடும். மாப்பிள்ளையின் முழங்காலருகே கேஸ் சிலிண்டர், லல்லா பதூலின் தலையிலிருந்து முளைத்த பித்தளை விளக்கு, மூலையில் யாரோ கழற்றிப் போட்ட ஒற்றைக் காலுறை. ஓரத்தில் நின்ற நஃபீஸா சித்தியை லென்ஸ் இழுத்த இழுப்பில் கதவகலத்துக்கு ஆக்கிவிட்டது.

இந்த முறை அப்படி விடக்கூடாது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே முற்றத்தைக் காலி செய்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், செடித் தொட்டிகள், காலண்டர், தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் சமையலறைக்குள் தள்ளினாள். சுவரின் கீழ்ப்பாதியில் பச்சையும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன ஓடுகள் பதித்த வேலைப்பாடு, மேலே வெறும் சுண்ணாம்பு. இதைவிட நல்ல பின்னணி கிடைக்குமா? நிம்மதியாக மாடிக்குப் போய் ஷாமாவுக்கு இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டு இறங்கி வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

சமையலறைக்குள் தள்ளியவை எல்லாம் திரும்பி வந்திருந்தன. கூடவே புதிய சாமான்களையும் விருந்தாளிகள் போல அழைத்து வந்திருந்தன. சுவரோரம் மெத்தைகள், மெத்தை மேல் மூன்றடுக்குத் தலையணைகள், தங்கச் சட்டமிட்ட இரண்டு நிலைக்கண்ணாடிகள், பிளாஸ்டிக் ரோஜா நான்கு ஜாடி, பீங்கான் நாய் ஒரு ஜோடி. பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூடக் காட்டாத தேநீர்ச் செட்டையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பரப்பி வைத்திருந்தார் லல்லா பதூல்.

"அத்தை! இதையெல்லாம் இப்பதானே எடுத்து வெச்சேன்?"

"நீ எடுத்து வெச்ச லட்சணத்தைப் பார்த்துத்தானே எனக்கு நெஞ்சு அடைச்சுது! சம்பந்தியம்மா உள்ள வந்து வெறும் சுவரைப் பார்த்தா என்ன நெனைப்பா? வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடப்போறாங்கன்னு நெனைப்பா."

"படத்துல ஷாமா தெரிய வேண்டாமா?"

"என் பொண்ணு தெரிவா. அவ பின்னாடி என் வீடும் தெரியணும்."

இந்த ஊரில் ஒரு வீட்டின் மானம் அதன் மெத்தைகளில் இருக்கிறது. அதை எடு என்று மாமியாரிடம் இரண்டாம் முறை சொல்லும் தைரியம் எந்த மருமகளுக்கும் கிடையாது. விதாத் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள், வாசலிலிருந்து பார்த்தாள், சுவரில் பதித்த நீரூற்றின் பக்கத்திலிருந்தும் பார்த்தாள். எங்கே நின்றாலும் ஒரு பீங்கான் நாய் அவளைப் பார்த்தது. கண்ணாடிகளில் வேறு அவளே இரண்டு தடவை தெரிந்தாள்.

தெருமுனையில் மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

விதாத் மூச்சு வாங்க மொட்டைமாடிக்கு ஏறினாள். அழுகை வந்தால் யாரும் பார்க்காத இடத்தில் வரட்டும் என்றுதான். முற்றத்துக்கு நேர் மேலே வானத்துக்குத் திறந்த பெரிய சதுரம். அதை மூடி இரும்புக் கம்பிச் சட்டம். அதன் விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்தாள்.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுந்து நின்று மறுபடி பார்த்தாள்.

மெத்தைகளைக் காணோம். கண்ணாடியும் ரோஜாவும் நாயும் இல்லை. எல்லாம் மாடித் தாழ்வாரங்களுக்குக் கீழே ஒளிந்துகொண்டிருந்தன. மேலிருந்து தெரிந்தது தரை மட்டுமே. நடுவில் பதினாறு முனை நட்சத்திரம், அதிலிருந்து சுற்றிச் சுற்றி விரியும் நீலமும் வெள்ளையும். வெயில் மேற்குச் சுவருக்கு அப்பால் இறங்கிவிட்டதால் கம்பியின் நிழல்கூடத் தரையில் விழவில்லை. ஒரு தலையணையைக்கூட நகர்த்த வேண்டாம்!

கைபேசியில் ஜவாதை அழைத்தாள். ஆண்களோடு பக்கத்துத் தேநீர்க் கடைக்குத் துரத்தப்பட்டிருந்தவன் பின்படி வழியாக ஓடி வந்தான்.

"நான் இந்தக் கம்பி மேல படுக்கப்போறேன். நீ என் காலைப் பிடிச்சுக்க. கீழ மட்டும் பார்க்காத, எல்லாரும் தலைத்துணி இல்லாம இருக்காங்க."

"பொண்டாட்டி கம்பியில தொங்குறா, நான் எங்கடீ பார்க்கறது?"

"மலையைப் பாரு."

ஜவாத் முற்றத்துக்கு முதுகைக் காட்டி, ஊருக்கு அப்பால் தெரிந்த ஸலாக் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து அவள் கணுக்கால்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

கீழே குலவைச் சத்தம் வீட்டையே தூக்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூம்பு மூடி போட்ட சீர்த்தட்டுகளைத் தலையில் தாங்கி வரிசையாக உள்ளே வந்தார்கள். ஷாமா பாலும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டாள். அது முடியும்வரை காத்திருந்து விதாத் மேலிருந்து குரல் கொடுத்தாள்.

"லல்லாமார்களே! எல்லாரும் மேல பாருங்க!"

நாற்பது முகங்கள் நிமிர்ந்தன.

"யா ரப்பி, மருமக கூரை மேல!" என்று நஃபீஸா சித்தி மார்பில் கை வைத்தார். "அங்க பின்னாடி யாரு, ஒரு முதுகு தெரியுது?"

"என் புருஷன்தான். மலையைப் பார்த்துட்டிருக்கார்."

சம்பந்தியம்மா லல்லா துரையா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். லல்லா பதூல் சிரிக்கவில்லை. அவர் பார்வையில் செருப்பு மூட்டைகள் தெரிந்தன. ஆனாலும் விருந்தாளிகள் முன்னால் மருமகளைத் திட்ட முடியாதே.

"ஷாமா, நட்சத்திரத்துக்கு நடுவுல உட்காரு. அம்மா ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். மத்தவங்க சுத்தி வட்டமா. சித்தி, நீங்க உள்வட்டத்துக்கு வாங்க. ஓரத்துல ஒரு ஆள்கூட வேண்டாம். தட்டையெல்லாம் வெளிவட்டமா வையுங்க."

ஓரத்தில் எது நின்றாலும் இந்த லென்ஸ் வெளிப்பக்கம் இழுக்கும். மனிதரை இழுத்தால் கேலி. கூம்பு மூடியை இழுத்தால்?

கேமரா வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, லென்ஸை இரண்டு கம்பிகளுக்கிடையே கீழே விட்டாள். சற்று மேலே இருந்தாலும் கம்பி படத்தில் வந்துவிடும். திரையை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டு முகங்களைப் பார்க்காமல் மூலைகளைப் பார்த்தாள். முதல் மூலையில் ஒரு தேநீர்க் குவளை. "யாராவது அதை எடுங்க!" இரண்டாவதில் ஒரு கைபேசி. மூன்றாவது சுத்தம். நான்காவதில் சிவப்பாக ஏதோ ஆடியது. அவளுடைய இடுப்புப் பட்டையின் குஞ்சமேதான். இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். பிறகு ஷாமாவின் நெற்றிப்பட்டை நட்சத்திரத்தின் மையத்தில் வரும்வரை கேமராவை விரல்நுனி அளவு நகர்த்தினாள்.

பல்லிடுக்கில் குஞ்சத்தோடு பேச முடியவில்லை. "ம்ம்ம்ம்!" என்றாள்.

நாற்பது பேரும் சிரித்த அந்த நொடியில் அழுத்தினாள்.

கீழே இறங்கி வந்தாள். லல்லா பதூலிடம் கேமராவை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். நீல வெள்ளைத் தரையின் நடுவில் பச்சைக் கஃப்தானில் ஷாமா. அவளைச் சுற்றிப் பூவிதழ் போலக் கஃப்தான்கள், மேல்நோக்கி மலர்ந்த முகங்கள். அதற்கும் வெளியே, இழுபட்டுச் சாய்ந்த கூம்பு மூடிகள் ஒவ்வொன்றும் சூரியக் கதிர் போல வெளிநோக்கி நீண்டிருந்தன. வேறு ஒன்றுமே இல்லை.

லல்லா பதூல் படத்தின் ஓரங்களில் விரலை ஓட்டித் தேடினார். "என் மெத்தை?" என்றுதான் கேட்கப்போகிறார் என்று விதாத் நினைத்தாள். அதற்குள் லல்லா துரையா கேமராவைப் பறித்துக்கொண்டார். அவருடைய வாய் உண்மையாகவே பிளந்தது.

"மாஷா அல்லாஹ்! இது நம்ம சீரா? ராஜா வீட்டுச் சீர் மாதிரி இருக்கு! பதூல், உன் மருமக இதை எங்க போய்க் கத்துக்கிட்டா? காஸாபிளாங்காவா?"

"காஸாபிளாங்காவாவது?" லல்லா பதூலின் தோள்கள் நிமிர்ந்தன. "என் சின்ன மருமகளுக்குத் தானா வந்த கை. எங்க வீட்டு வாசல் அறையிலதான் ஸ்டூடியோ வெச்சிருக்கா. பொம்பளைங்களுக்கு மட்டும். ஆம்பளை நிழல்கூடப் படாது."

விதாத் மாமியாரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"அப்படின்னா வெள்ளிக்கிழமை என் மூணு மருமகளையும் கூட்டிட்டு வரேன்," என்றார் லல்லா துரையா. "முன்கூட்டிச் சொல்லணுமா?"

"நமக்குள்ள என்ன முன்கூட்டி! வாங்க."

விருந்தாளிகள் தேநீருக்கு உட்கார்ந்ததும் லல்லா பதூல் மருமகளின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனார்.

"வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு. லதீஃப்கிட்ட நான் பேசிக்கறேன். உன் புருஷன் மலையைப் பார்த்தது போதும், இறங்கி வந்து சுண்ணாம்பு அடிக்கச் சொல்லு."

"அத்தை..." விதாதுக்குக் கண் நிறைந்தது.

"அழாத, மை கலையும். அந்த அறைக்கு என்னோட பெரிய கண்ணாடியைத் தரேன். ரோஜா ஜாடியும் ரெண்டு."

விதாத் மூக்கை உறிஞ்சினாள். "வேண்டாம் அத்தை. சுவர் வெறுமையா இருக்கணும்."

"ஒரே ஒரு ஜாடி?"

"ஒண்ணுகூட வேண்டாம்."

லல்லா பதூல் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கடை திறக்கும் முன்னாலயே முதலாளியம்மா ஆயிட்டா பாரு," என்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, இடுப்புக் கொத்திலிருந்து வாசல் அறைச் சாவியைக் கழற்றத் தொடங்கினார்.