காயமடைந்தோர் பக்கம்

1
கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன். முடிவு மட்டும் என் கையில் இல்லை. இது பிறந்த இடம் ஒரு விபத்துப் பதிவேடு. இடப்பக்கத்தின் மேலே ‘காயமடைந்தோர்’, வலப்பக்கத்தின் மேலே ‘சேதமான சாமான்கள்’ என்று அச்சடித்திருந்தது. நடுவே நூல் மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு என்னை விடவில்லை.

2
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நெட்டையன் அழுதான், அவன் கண்ணில்

(அடித்துவிட்டேன். இயந்திரம் அழுததை யார் பார்த்தது? புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா?)

மறுபடி. அங்கே பதிவேடு எழுதுகிறவள் ஒருத்தி. அவளுடைய அண்ணிக்கு அதே கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும்; ஆளுக்கொரு முனை பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனை சேர்க்க வேண்டும். எதிர்முனை நெட்டையனுடையது. மனித உருவில் செய்த இயந்திரம் அவன். “உங்க அண்ணனைவிடச் சலிக்காம மடிக்கிறான்” என்பாள் அண்ணி.

அன்று காலை, தேய்க்கும் உருளை அண்ணியின் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது. நெட்டையன் தன் கையை நடுவே கொடுத்தான். அண்ணியின் விரல்கள் தப்பின. அவன் கை முழங்கைவரை நசுங்கியது.

எழுதுகிறவள் பதற்றத்தில் அவன் பெயரை இடப்பக்கம் எழுதிவிட்டாள்.

3
மேலாளரை முதலில் கொடியவராகத்தான் எழுதினேன். யோசித்துப் பார்த்தால், நசுங்கிய கையில் துணி சுற்றிவிட்டதே அவர்தான். சட்டத்துக்கு நெட்டையன் சாமான் என்றார் மெதுவாக. வலப்பக்கம் எழுதினால் ஐந்து மணிக்கு வரும் பழைய இரும்பு வண்டியில் ஏற்றிப் போய் உடைத்துவிடுவார்கள். இடப்பக்கமே இருந்தால் விசாரணை முடியும்வரை அவனைத் தொட முடியாது. ஆனால் பொய்ப்பதிவு என்று எழுதியவளின் வேலை போகும்.

“அடிச்சு மாத்திடும்மா. இரும்புக்கு ஏது காயம்?”

“அப்போ எங்க அண்ணி கைக்குப் பதிலா போனதை என்னன்னு எழுத, சார்?”

நெட்டையனிடமே கேட்டாள், வலிக்கிறதா என்று.

“வலியான்னு தெரியலம்மா. மீதிப் போர்வைக்கு அந்த முனையை யார் பிடிப்பாங்க?”

(இது அக்கறையா, பழக்கமா? எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் செய்ததையும் என்னால் அப்படிப் பிரிக்க முடிந்ததில்லை.)

4
ஒரு முடிவு: அடித்து மாற்றினாள், பிறகு அண்ணியின் முகத்தை

(வேண்டாம். எழுத மனம் வரவில்லை.)

இன்னொன்று: சட்டம் மாறியது.

(எப்போது? ஐந்து மணிக்குள்ளேயா?)

வண்டி வாசலில் வந்து நிற்கிறது. மேலாளர் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார். இதோ, அவள் கையிலிருக்கும் பேனா உங்கள் பக்கம் வருகிறது, வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் எழுதினாலும், கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

உங்கள் வீட்டில் துணி மடிக்கும்போதெல்லாம், மறுமுனையில் ஒரு கை இருக்கட்டும்.